பெரியப்பனின் நான்கு கால்கள்

ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில், நொச்சிக்காட்டுப்புதூர் இட்டேரியில் ஒரு சாரைப்பாம்பு நடந்து போனது. ஊர்ந்து போகவில்லை, நடந்து போனது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்கிற அந்த மண்பாதையில் பால் கேனோடு சைக்கிளில் வந்தவர்களும், தறிக்குப் போனவர்களும், ஆட்டை ஓட்டிப் போனவர்களும் அதைப் பார்த்தார்கள். விரல் நீளத்தில் நான்கு கால்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், முன்னங்கால்கள் கழுத்துக்கு ஒரு சாண் கீழே, பின்னங்கால்கள் வாலுக்கு ஒரு சாண் மேலே, நடுவில் தாங்க ஒன்றுமில்லாத நீண்ட வயிறு மண்ணில் இழுபட, அது நாலடிக்கு ஒருதரம் விழுந்து எழுந்து போனது. யாரும் ஓடவில்லை. பால்காரர் அது கடக்கும்வரை சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தார், தாமதத்துக்குப் பால் சொசைட்டியில் திட்டும் வாங்கினார்.

அந்த வாரத்துக்குள் ஊரில் இருந்த எல்லாப் பாம்புக்கும் கால் முளைத்துவிட்டது. கண்ணாடி விரியனுக்கு முளைத்தது, கட்டுவிரியனுக்கு முளைத்தது, கொம்பேறி மூக்கனுக்கு முளைத்தது, கிணற்றில் கிடந்த தண்ணீர்ப்பாம்புக்குச் சவ்வு ஒட்டிய விரல்களோடு முளைத்தது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு, இனி என்ன செய்வது என்று கேட்டவர்கள்தான் அதிகம். மெடிக்கல் கடைக்காரர் பெயர்ப்பலகையில் கோலைச் சுற்றியிருந்த பாம்புக்குப் பெயிண்டரை வைத்து நான்கு கால் போட்டார். அரசமரத்தடி நாகக்கல்லில் கால் கொத்தலாமா கூடாதா என்று இரண்டு கூட்டம் நடந்தது. பிள்ளைகள் பரமபதத் தாளில் பேனாவால் கால் வரைந்து, பாம்பில் இறங்கினவன் தாயம் போட்டால் அதே பாம்பில் ஏறிக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். வேதக்கோயில் உபதேசியார், வயிற்றால் ஊர்ந்து போ என்று ஆண்டவர் பாம்புக்கு இட்ட பழைய சாபம் தீர்ந்துவிட்டது என்றார், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்பதுதான் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற சரோஜினி டீச்சர், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பாம்புக்குக் கால் இருந்தது, பொந்துக்குள் புக இடைஞ்சலாக இருந்ததால் தேய்ந்து தேய்ந்து போய்விட்டது, மலைப்பாம்பின் வாலடியில் இன்றைக்கும் இரண்டு நகம் மிச்சமிருக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாள். அப்படியானால் புதிதாக எதுவும் வரவில்லை, தொலைந்து போனதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று ஊர் புரிந்துகொண்டது. தொலைந்த பொருள் என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டுமே என்கிற யோசனை அப்போது யாருக்கும் வரவில்லை.

சொந்தக்காரி புற்றுக்குப் பக்கத்தில் சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் தெய்வாத்தாள், வயது இருபத்தாறு, இடுப்புக்குக் கீழே அவளுக்குக் கால்கள் கிடையாது, வாய் மட்டும் ஊருக்கே போதுமான அளவு உண்டு. அவள் அம்மா மூன்று மாதக் கர்ப்பத்தில் கடலைக்காட்டுக்குக் கஞ்சி கொண்டு போனபோது இரண்டு பாம்புகள் ஆள் உயரத்துக்குப் பிணைந்து ஆடுவதைக் கண்டு, அப்படிப் பிணைகிற பாம்பின் மேல் துணி போட்டு எடுத்து வைத்தால் வீடு செழிக்கும் என்ற நம்பிக்கையில் ஓடிப்போய்த் தன் கூறைச்சேலையை எடுத்து வந்து போட்டாள். பாம்புகள் சேலைக்குள் ஆடி முடித்துப் போயின. சேலை பெட்டிக்குப் போனது. ஆறு மாதம் கழித்துக் கால் இல்லாமல் பெண் பிறந்தாள். பெற்றவள் அழுது முடிப்பதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது, இது நாகத்தின் பிள்ளை என்று. கூறைச்சேலை தூளியானது. நாகத்தின் பிள்ளை மண்ணில் படக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் வந்தது. ஆறு வயதில் ஒரு கோழிக்குஞ்சைப் பிடிக்கக் கட்டிலிலிருந்து குதித்து வாசலில் கையால் நகர்ந்து போனவளை அம்மா அடித்தாள், ஊர் நூற்றெட்டுக் குடம் பால் ஊற்றித் தீட்டுக் கழித்தது. வாழ்நாள் முழுக்க மண்ணிலேயே கிடக்கிற பாம்பின் பிள்ளைக்கு மண் ஏன் ஆகாது என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்பதும் தெய்வக்குணம் என்று அவர்கள் கும்பிட்டுக்கொண்டார்கள்.

அவளைத் தூக்கினது அண்ணன் செங்கோடன். அவனுக்கு எட்டு வயதிலிருந்து அதுதான் வேலை. தறி ஓட்டுவது அதற்குப் பிறகு வந்த வேலை. காலையில் கூறைச்சேலைத் தூளியைத் தோளில் மாட்டி அவளைப் புற்றுக்குக் கொண்டுவந்து மேடையில் உட்கார வைப்பான், பொழுது சாயத் திரும்பக் கொண்டு போவான். இடது தோள் காய்த்துப் போய்விட்டது, மூன்று இடத்தில் பெண் பார்த்தும் தூளியைக் கண்டு ஒருத்தியும் சம்மதிக்கவில்லை, ஒருநாள் கூட அவன் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்ததாலேயே அவன் தோளில் போகும்போது அவள் பேசமாட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் பாலும் முட்டையும் கொண்டு வருவார்கள், புற்றுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளுக்கு முட்டை வாசமே பிடிக்காது. புற்றில் ஒரு கிழட்டு நாகம் இருந்தது. அதற்கும் பிடிக்காது போல, முட்டைகள் அப்படியே கிடந்து அழுகும். தான் பாம்பின் பிள்ளை என்றால் இது தனக்குப் பெரியப்பன்தானே என்று சின்ன வயதில் கேலியாகச் சொன்னாள், பிறகு அதுவே பெயராகிவிட்டது. பெரியப்பன் வெயில் ஏறினதும் வந்து மேடையோரம் சுருண்டு கிடக்கும். அவளைப் போலவே அதையும் யாரும் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டதில்லை, அவளைப் போலவே அதுவும் எங்கும் போனதில்லை. இந்த ஊரில் தனக்கு நிகரான ஒரே ஜீவன் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆடி நான்காம் வெள்ளிக்கிழமை காலையில் பெரியப்பன் புற்றிலிருந்து நடந்து வந்தது. வாசலிலேயே கால் மாட்டி, உடம்பை முறுக்கி, மண் உதிர வெளியே விழுந்து, எழுந்து, மேடையை ஒரு சுற்று முழுதாக நடந்தது. தெய்வாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் ஆளுக்கொரு பக்கம் கிடந்துவிட்டு இது மட்டும் எழுந்து நடக்கிறதே என்று, கூட இருந்தவள் முதுகில் குத்தினது போல அவளுக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் தர்மகர்த்தா குப்பண்ணன் பெண்களோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஆத்தா, பாம்புக்குக் கால் வந்திருக்கிறதே, இது என்ன அறிகுறி என்று கேட்டார்.

"அது என்ற காலு" என்றாள் தெய்வாத்தாள்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் என்னுடையது என்று பொய்யாகச் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவளுக்கு அந்தக் கால்கள் வேண்டியிருந்தன, பசித்தவனுக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டியிருந்தன. குப்பண்ணன் திரும்பிப் பெண்களைப் பார்த்தார், பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தொலைந்த பொருளின் சொந்தக்காரியை ஊர் கண்டுபிடித்துவிட்டது.

ஆத்தாவின் கால்களை மீட்டுக் கொடுக்க அன்று மத்தியானமே தொடங்கினார்கள். இட்டேரி வேலிக்குத் தீ வைத்து, வெளியே நடந்து வந்த பாம்புகளைத் தடியால் அடித்தார்கள், மண்வெட்டியால் அடித்தார்கள், தறியின் கழிக்கட்டையால் அடித்தார்கள். முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் பொந்துக்குள் போய்விடுகிற பாம்புகள், இப்போது பொந்து வாசலில் கால் மாட்டி, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தவித்தன, வாலைப் பிடித்து இழுத்துத் தரையில் அறைந்தார்கள். முன்பெல்லாம் சத்தமில்லாமல் போனவைதான், இப்போது அவை காய்ந்த சருகில் நடக்கிற ஒலி கேட்டது, கேட்ட பக்கமெல்லாம் கல் விழுந்தது. ஓடுகிற தறிமேல் ஏறின ஒரு கொம்பேறி மூக்கன் பாவு நூலுக்குள் சிக்கி நசுங்கியது, அந்தத் துண்டு சிவப்புக் கோட்டோடு நெய்து முடிந்து வாரச் சந்தையில் விற்றும் போனது. முதல் நாள் அடிபட்ட நாகங்களுக்கு முறைப்படி பால் ஊற்றி, வெள்ளைத் துணி போர்த்தி, ஆட்களை எரிப்பது போலவே எரித்தார்கள். இரண்டாம் நாள் சொசைட்டிக்கு ஊற்றப் பால் இல்லாமல் போனது, துணிக்குப் பதில் தறிக் கழிவுத் துண்டுகளைப் போர்த்தினார்கள். மூன்றாம் நாள் பாலும் இல்லை, துணியும் இல்லை, குவித்து வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கால் உள்ளது எப்படித் தெய்வமாகும், அது ஓணான் ஜாதி, ஓணானை அடித்தால் தோஷம் இல்லை என்று குப்பண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

கால்களை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார்கள். முறத்தில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். பூக்கட்டுகிற பெண்கள் அவற்றை நாரில் தொடுத்து மாலையாக்கி அவள் கழுத்தில் போட்டார்கள். சில விரல்கள் கழுத்தில் கிடந்தபடியே மடங்கி நீண்டன. எறும்பு மொய்த்தது, நாற்றம் தலையைச் சுற்றியது, அவள் மாலையைப் பிய்த்து எறிந்து, போதும் நிறுத்துங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆத்தா நம்மைச் சோதிக்கிறாள், இன்னும் போதவில்லை என்கிறாள் என்றார்கள். தான் சொல்வதில் அவர்களுக்கு வேண்டியது மட்டும்தான் அருள்வாக்கு, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இருபத்தாறு வருஷம் விளங்காமல் இருந்ததற்குத் தன்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

எதிர்த்து நின்றது சரோஜினி டீச்சர் ஒருத்திதான். தண்ணீர்ப்பாம்புகள் ஒதுங்கியிருந்த பொதுக்கிணற்றின் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, என்னைத் தாண்டிப் போங்கள் என்றாள். அவளிடம் படித்த பிள்ளையின் அப்பன் ஒருவன் எறிந்த கல் நெற்றியைப் பிளந்தது. முந்தானையால் அமுக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தாள், எழுந்தபோது முந்தானை காய்ந்து விறைத்திருந்தது.

எல்லோரையும்விட வெறியாக அலைந்தவன் செங்கோடன். அவன் சாமிக்காகச் செய்யவில்லை. தங்கைக்குக் கால் வந்துவிடும் என்று நம்பினான். தறியில் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியால் ஒவ்வொரு காலையும் விரல் சிதையாமல் நறுக்கி, கழுவி, ஜோடி ஜோடியாக அடுக்கி அவள் முன்னால் வைத்தான். வேண்டாம் என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ சும்மா இரு அம்மிணி. ஒருநாளாச்சும் நீ முன்னால நடக்கோணும், நான் பின்னால வரோணும்" என்றான். கத்திரியை மேடையிலேயே மறந்து வைத்துவிட்டுக் கொடுவாளோடு கடலைக்காட்டுக்குப் போனான். அங்கே ஒரு நாகத்தின் தலையை வெட்டித் தள்ளிவிட்டு, கத்திரியைக் காணாமல் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றபோது, உடம்பைவிட்டுப் போன பின்னும் உயிர் அடங்காத அந்தத் தலை அவன் பாதத்தைக் கவ்வியது. பிடுங்கி எடுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வேனில் ஏற்றப் புற்றைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இமை இறங்கிவிட்டது, நாக்கு குழறியது, ஆனாலும் மேடைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"கால் வந்துருச்சா அம்மிணி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தூக்கியவர்கள் கடந்து போய்விட்டார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. மூன்று மணிக்கு வேன் திரும்பி வந்து நேராக வீட்டுக்குப் போனது. இட்டேரியின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் ஒப்பாரி கேட்டது, தெய்வாத்தாள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தாள், அவளைத் தூக்கிப் போகிறவனைத்தான் அங்கே கிடத்தியிருந்தார்கள். நான் சொன்ன ஒரு சொல்தான் அவனைக் கொன்றது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

அழுதுவிட்டு வந்த கூட்டம் கடப்பாரையோடு வந்தது. குப்பண்ணன் முன்னால் நின்று, இத்தனை நாள் வெட்டினதெல்லாம் வேறு கால்கள், ஆத்தாவின் கால் புற்றுக்குள்தான் இருக்கிறது, அதை விட்டுவைத்த குற்றத்துக்குத்தான் செங்கோடன் போனான் என்றார். மூன்றாவது குத்தில் புற்று பிளந்தது. பெரியப்பன் வெளியே வந்தது. படம் எடுக்கக்கூட இல்லை. பின்பக்கம் நின்ற மரத்தின் வேரடியில் இருந்த ஒரு வெடிப்புக்குள் தலையை விட்டது, முன்னங்கால்கள் இரண்டும் வாசலில் மாட்டின, பின்வாங்கியது, மறுபடி நுழைத்தது, மறுபடி மாட்டியது. முதல் கல் முதுகில் விழுந்து தோல் உரிந்தது. இரண்டாவது வாலை நசுக்கியது. அது திரும்பி, விழுந்து விழுந்து நடந்து, மேடையடிக்கு வந்து சுருண்டது.

தெய்வாத்தாள் மேடையிலிருந்து மண்ணில் குதித்தாள்.

பெண்கள் ஐயோ என்றார்கள். கூட்டம் தானாக நான்கடி பின்னால் போனது. அவள் வயிறு மண்ணில் பட, முழங்கையை ஊன்றி அதன் பக்கத்தில் போனாள், அண்ணனின் கத்திரி அவள் கையில் இருந்தது. ஆத்தா தன் காலைத் தானே எடுத்துக்கொள்ள இறங்கிவிட்டாள் என்று குப்பண்ணன் கண்ணீரோடு கைகூப்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பெரியப்பனின் கழுத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு, "பொறுத்துக்க பெரியப்பா, இது இருந்தா உன்னய விடமாட்டாங்க" என்று காதில்லாத அதனிடம் சொன்னாள். முதல் காலை நறுக்கினாள். அது உடம்பு முழுக்க இறுகியது, வாய் பிளந்தது, பற்கள் அவள் மணிக்கட்டுக்கு ஓர் அங்குலத்தில் நின்றன, கடிக்கவில்லை. இரண்டாவதை நறுக்கினாள். அவள் கைகளும் மண்ணும் ரத்தத்தில் கசகசத்தன. மூன்றாவது எலும்பு கத்திரிக்கு மசியாமல் இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது, அப்போது அவள் அலறினாள், பாம்புக்குத்தான் குரல் இல்லையே, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அலறினாள். நான்காவதையும் நறுக்கி முடித்துக் கையை எடுத்தாள். பெரியப்பன் ஒரு மூச்சு அப்படியே கிடந்தது. பிறகு, கால்கள் வந்த நாளிலிருந்து யாரும் பார்க்காத அந்தப் பழைய வேகத்தில், ரத்தக்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு வேரடி வெடிப்புக்குள் போய்விட்டது.

அது பிழைத்தது. தை மாதத்தில் அந்த வெடிப்பிலிருந்து வெளியே வந்த குட்டிகளுக்குக் கால் இல்லை, ஒவ்வொன்றின் வாலடியிலும் அரிசிமுனை அளவுக்கு இரண்டு நகம் மட்டும் இருந்ததைத் தையல் தழும்பு விழுந்த நெற்றியோடு சரோஜினி டீச்சர் குனிந்து பார்த்துப் பிள்ளைகளுக்கும் காட்டினாள். ஆனால் அது பிற்பாடு நடந்தது.

தெய்வாத்தாள் நான்கு கால்களையும் பொறுக்கிக் குப்பண்ணனின் கூப்பிய கையில் வைத்தாள்.

"கால் கெடச்சிருச்சு. இனி எவனும் தேட வேண்டாம்."

மேடையோரம் தொங்கிய தூளியை எடுக்க இரண்டு பேர் ஓடினார்கள், எங்கே தூக்கிவிடப் போகிறார்களோ என்று அவளே அதை எட்டிப் பிடுங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். பிறகு இட்டேரியில் இறங்கினாள். கை முன்னால், உடம்பு பின்னால், கை முன்னால், உடம்பு பின்னால். எரிந்த வேலியின் கரி முழங்கையில் ஏறியது, கிளுவை முள் கிழித்தது, உள்ளங்கைத் தோல் பிய்ந்தது, இரண்டு பக்கமும் செத்துக் கிடந்த பாம்புகளின் நடுவில் அவள் போனாள். ஊர் பின்னாலேயே வந்தது, ஒருவரும் அவளை முந்தவில்லை. அரை மைல் தூரம் போக ஒரு மணிநேரம் ஆனது.

வாசலில் பந்தலுக்குக் கீழே ஒரு பெஞ்சில் செங்கோடனைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு, மண்ணும் ரத்தமுமாக வாசலுக்கு வந்து சேர்ந்த மகளைப் பார்த்தாள், இந்தத் தடவை அடிக்கவில்லை. தெய்வாத்தாள் பெஞ்சின் காலைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொண்டு, அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"நானே வந்துட்டனுங்ணா."

கழுத்திலிருந்த கூறைச்சேலையை அவிழ்த்து, காய்த்துப் போன அந்த இடது தோளிலிருந்து தொடங்கி, பாதம்வரைக்கும் அவனுக்குப் போர்த்திவிட்டாள்.